வயலின் கற்கும் மகள்: பி.ஏ. இசையா, டிப்ளமோவா, பி.காமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஏழு வருடமாக ஒரே ஆசிரியரிடம் வயலின் கற்கிறாள், கீர்த்தனைகள் வாசிக்கிறாள். இசையையே கல்லூரியில் படிக்க ஆசைப்படுகிறாள். பி.காம். சேர்ந்துவிட்டு வயலினைத் தனியாகத் தொடரட்டும் என்கிறார் என் கணவர். எது சரி? – திண்டுக்கல் வாசகி

பதில்: மேடையில் வாசிக்க ஆசையா, பாடம் சொல்லிக்கொடுக்க ஆசையா என்று முதலில் மகளிடம் கேளுங்கள். இரண்டும் என்றுதான் சொல்வாள். எது இல்லாவிட்டால் மனசு கேட்காது என்று இன்னொரு முறை கேளுங்கள்.

மேடைதான் என்றால் உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சபாக்களில் யாரும் பட்டம் கேட்பதில்லை. அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் தரவரிசையான கிரேடுகூட ஆடிஷனில் வாசித்துக் காட்டித்தான் கிடைக்கிறது. நல்ல குருவும் தினம் மூன்று மணி நேர சாதகமும், அதாவது வாசிப்புப் பயிற்சியும், போதும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை பி.காம். விட்டுவைக்குமா? பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரம் போகும் கல்லூரி என்றால் வேண்டாம்.

கற்பிக்கும் வேலை என்றால் பட்டம் அவசியம். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வர, பொதுவாக முதுகலையில் 55 சதவீதமும், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு போன்றவற்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். நெட்டில் இசையும் ஒரு பாடம். முதுகலைக்குப் போக இளங்கலை வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மூன்று வருட டிப்ளமோ, அதாவது பட்டயம், பொதுவாக இளங்கலைக்கு ஈடாகாது. சென்னைக் கலைப்பள்ளியான கலாக்ஷேத்ராவின் நான்கு வருடப் படிப்பும் டிப்ளமோதான். பயிற்சியில் குறை சொல்ல முடியாது, ஆனால் பட்டக் கணக்கில் வராது. அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் பட்டமா பட்டயமா என்று பார்த்து எழுதுங்கள். உங்களுக்குப் பக்கம் மதுரை. வார இறுதியில் பழைய ஆசிரியரிடம் போகலாம் என்பதால் நான் அதையே முதலில் பார்ப்பேன். இசைக் கல்லூரிக்குப் பதில் பொதுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. இசை எடுத்தால் தமிழ், ஆங்கிலம், துணைப்பாடம் எல்லாம் சேரும். வாத்தியத்துக்கு நேரம் குறையும்.

ஏழு வருடம் கற்றவளுக்கு உண்மையான சிக்கல் பாடாந்தரம், அதாவது ஒவ்வொரு குருவும் சொல்லித்தரும் பாட வடிவம். தெரிந்த கீர்த்தனையே கல்லூரியில் வேறு சங்கதிகளோடு (ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் விதங்களோடு) வரும், வில் போடும் விதம்கூட மாறலாம். தேர்வுக்குக் கல்லூரிப் பாடம், வீட்டில் குருவின் பாடம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளட்டும். சேர்வதற்கு முன்பே குருவிடம் சொல்லிவிடுங்கள்; பிறகு தெரிந்தால் வருத்தப்படுவார். முதல் செமஸ்டரில் தெரிந்த ஆரம்பப் பாட வரிசைகளையே மறுபடி வாசிக்க நேரலாம். அந்த நேரத்தில் பாட்டை ஸ்வரப்படுத்தி (ச ரி க ம எழுத்துகளாக) எழுதவும், வாசிப்பதை வாய்விட்டுப் பாடவும் பழகட்டும். பாடத் தெரியாத வயலின் ஆசிரியரிடம் பிள்ளைகள் நிற்பதில்லை.

முடிவெடுக்கும் முன் வகுப்பு நடக்கும் நாளில் ஒருமுறை போய்வாருங்கள். வயலினுக்கு யார் ஆசிரியர், ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், செய்முறைக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை மூன்றாம் வருட மாணவிகளிடம் கேளுங்கள். அலுவலகத்தில் விவரக் கையேட்டில் இருப்பதைத்தான் சொல்வார்கள்.

அப்புறம், விடுதியில் சாதகம் செய்ய இடம் உண்டா என்றும் விசாரியுங்கள். இல்லையென்றால் வயலின் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத் துண்டில்) மாட்டி ஓசையைக் குறைக்கும் ரப்பர் மியூட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். எப்போதும் அதோடு வாசித்தால் நாதத்தைக் கேட்டு வில்லைச் சரிசெய்யும் பழக்கம் போய்விடும். இரவில் மட்டும் போதும்.