சிபாப் மாஸ்க்கைத் தூக்கத்திலேயே கழற்றிவிடுகிறேன்... எனக்கு இது ஒத்துவராதா?

கேள்வி: எனக்கு வயது 47. பலத்த குறட்டை, பகலெல்லாம் தூக்கம் என்று இருந்ததால் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். தீவிர நிலை ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்), ஏ.ஹெச்.ஐ. (மணிக்கு எத்தனை மூச்சுத் தடை என்ற எண்) 38 என்று வந்தது. மூச்சுவழி அடைக்காமலிருக்க, தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக் காற்றைச் செலுத்தும் ஆட்டோ சிபாப் கருவியும் (அழுத்தம் 6 முதல் 14 வரை), மூக்கு வாய் இரண்டையும் மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கும் கொடுத்திருக்கிறார்கள். இன்றோடு 12 இரவுகள் ஆகின்றன. மாட்டியதும் முதல் பத்து நிமிடம் மூச்சு முட்டுகிறது. எப்படியோ தூங்கிப்போனாலும், இரண்டு மணி வாக்கில் விழித்தால் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கழற்றியதே நினைவில்லை. காலையில் வாய் வறண்டு, வயிறு உப்பி, ஏப்பமாக வருகிறது. கண்ணில் காற்று அடிப்பதால் ஸ்ட்ராப்பை இறுக்கினேன். இப்போது மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகிறது. அலர்ஜியால் எனக்கு எப்போதும் ஒரு பக்க மூக்கடைப்பு உண்டு. கருவியில் சராசரி உபயோகம் 2 மணி 40 நிமிடம், ஏ.ஹெச்.ஐ. 9 என்று காட்டுகிறது. வேறு சிகிச்சைக்குப் போய்விடலாமா?

பதில்: இப்போதே முடிவு கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். பரிசோதனையில் மணிக்கு 38 முறை உங்கள் மூச்சு நின்றோ வெகுவாகக் குறைந்தோ போயிருக்கிறது. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை. இத்தனை கசிவோடு, அரைகுறையாக மாட்டியிருந்தபோதே அது 9-க்கு இறங்கியிருக்கிறது. சிகிச்சை உங்கள் உடம்புக்குக் கேட்கிறது. மாட்டும் விதத்தில்தான் கோளாறு.

நீங்கள் சொன்ன தொல்லைகள் தனித்தனி அல்ல, ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. மூக்கு அடைத்திருப்பதால் வாய் திறக்கிறது. வாய் திறப்பதால் பெரிய மாஸ்க் தேவைப்பட்டது. அது கசிந்ததால் இறுக்கினீர்கள். இறுக்கியதால் இன்னும் கசிகிறது, தோலும் புண்ணாகிறது. கசியும் காற்று வாயை உலர்த்துகிறது. கசிவு அதிகமானால் ஆட்டோ கருவியின் கணிப்பும் தடுமாறும், தேவைக்கு மேல் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் உணவுக்குழாய்க்குள் புகுந்து வயிற்றை உப்ப வைக்கிறது. ஆகவே ஸ்ட்ராப்பையும் மூக்கையும் சரிசெய்யுங்கள், பாதித் தொல்லை தானாகக் குறையும்.

முதலில் அந்தப் பத்து நிமிட முட்டல். புதிதாகப் போடுகிறவர்கள் எல்லோரும் "மூச்சு முட்டுகிறது" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மருந்து நேரெதிர். காற்று வேகமாக உள்ளே தள்ளுகிறது, வெளியே விட முடியவில்லை என்றால் அழுத்தம் அதிகம். எவ்வளவு இழுத்தாலும் காற்று போதவில்லை, மாஸ்க்குக்குள் புழுங்குகிறது என்றால் அழுத்தம் குறைவு. பெரும்பாலான கருவிகளில் ‘ரேம்ப்’ என்ற அமைப்பு இருக்கும். தூங்கும்வரை குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றும். பல கருவிகளில் அது 4-இல் தொடங்கும். இது நீர்த்தம்பத்தின் உயரத்தை வைத்துச் சொல்லும் சென்டிமீட்டர் அளவு. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குக்குள் இருக்கும் இடம் பெரியது; வளர்ந்த ஒருவருக்கு 4 பல நேரம் பற்றாது. உங்களுக்குப் பத்து நிமிடத்தில் முட்டல் தானாக விலகுகிறது என்றால், அழுத்தம் ஏற ஏறச் சரியாகிறது என்றுதான் பொருள். ரேம்ப் தொடக்கத்தை 6-க்கு உயர்த்திப் பாருங்கள், அல்லது ரேம்ப்பையே நிறுத்திப் பாருங்கள். வெளியே விடுவதுதான் கஷ்டம் என்றால், மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தை 1 முதல் 3 வரை தளர்த்தும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் சில பயன்படுத்துபவருக்கான மெனுவிலேயே இருக்கும், இல்லாததை மாற்றித் தரக் கருவி கொடுத்தவரிடம் கேளுங்கள். 6–14 என்ற வரம்பை மட்டும் நீங்களாக மாற்றக் கூடாது, அது உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியது.

இந்த அழுத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 10 சென்டிமீட்டர் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். தூக்கத்தில் தளர்ந்து பின்னால் சரியும் நாக்கின் அடிப்பகுதியையும் மென்அண்ணத்தையும் காற்றாலேயே முட்டுக்கொடுத்து நிறுத்த அதுவே போதும். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் இந்த முறையை முதன்முதலில் வெளியிட்டார்கள். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

அடுத்தது மாஸ்க். முகத்தில் படும் குஷனின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கமாக மடிந்த மெல்லிய சிலிக்கான் இதழ் ஒன்று இருக்கும். காற்று வந்ததும் அது பலூன்போல் புடைத்து முகத்தோடு ஒட்டும். கசிவை அடைப்பது அந்த இதழ்தான், ஸ்ட்ராப் அல்ல. நன்றாக இறுக்கினால் இதழ் நசுங்கிச் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் வழியாகத்தான் காற்று கண்ணுக்குப் போகிறது. நீங்கள் இன்னும் இறுக்குகிறீர்கள்.

அதனால் இன்றிரவு இப்படிச் செய்யுங்கள். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். குஷன் படும் இடத்தில் கிரீம், எண்ணெய் எதுவும் வேண்டாம். நான்கு ஸ்ட்ராப்பையும் தளர்த்தி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீர்களோ அப்படியே படுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பொருந்துவது படுத்ததும் மாறிவிடும், கன்னத்துச் சதை சரியும். இனி கருவியை ஓடவிடுங்கள். ‘மாஸ்க் ஃபிட்’ சோதனை இருந்தால் அதைப் போடுங்கள், ராத்திரி வரக்கூடிய உயர் அழுத்தத்தை அது அப்போதே காட்டும். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, இதழ் புடைத்ததும் மெல்ல முகத்தில் அமர விடுங்கள். பிறகு கீழ் ஸ்ட்ராப் இரண்டையும் சமமாக, அடுத்து மேல் ஸ்ட்ராப் இரண்டையும் சமமாக, கசிவு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். ஸ்ட்ராப்புக்கும் கன்னத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அப்படியும் கண்பக்கம் காற்று வந்தால் அளவு தவறு. வாயை லேசாகத் திறந்தபடி, மூக்குத்தண்டிலிருந்து கீழுதட்டுக்குக் கீழே உள்ள குழிவு வரை அளந்துதான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொடுத்தவரிடம் மாற்றித் தரக் கேளுங்கள், தயங்க வேண்டாம். புண் ஆறும் வரை குஷன் அந்த இடத்தை அழுத்தக் கூடாது. மூக்குத்தண்டைத் தொடாமல் மூக்கின் அடியில் அமரும் மாஸ்க்குகளும் உண்டு.

மாஸ்க்கின் முன்பக்கத்துச் சிறு துளைகளிலிருந்து ‘உஸ்ஸ்’ என்று எப்போதும் காற்று வரும். அது கசிவல்ல. நீங்கள் விட்ட மூச்சு வெளியேறும் வழி. அதை அடைக்கவே கூடாது, போர்வையும் மூடக் கூடாது.

மூக்கைக் கவனிக்காமல் மாஸ்க்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. படுக்கும் முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். அதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரோ காய்ச்சி வடித்த நீரோதான் வேண்டும், குழாய்த் தண்ணீரை நேரடியாக மூக்கில் விடக் கூடாது. அலர்ஜிக்கான ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதை அடிக்கும்போது முனை நடுச்சுவரைப் பார்க்காமல், அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், இரண்டே நாளில் விட்டுவிடாதீர்கள். உடனடியாக அடைப்பை நீக்கும் சொட்டுமருந்தை மட்டும் நாள்கணக்கில் தொடரக் கூடாது, சில நாள்களிலேயே முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். நடுச்சுவர் வளைவு போன்ற தடை இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு முறை பார்த்துவிட்டால் நல்லது. மூக்கு திறந்துவிட்டால் மூக்கு மட்டும் மூடும் சிறிய மாஸ்க்குக்கு மாறலாம். பொதுவாக அதில் கசிவும் குறைவு, குறைந்த அழுத்தமே போதும்.

வாய் வறட்சிக்கு, காற்றுக்கு ஈரமேற்றும் ஹியூமிடிஃபையரைக் கூட்டத்தான் எல்லோரும் முயல்வார்கள். கசிவை அடைத்த பிறகும் வறட்சி இருந்தால் மட்டும், இரவுக்கு ஒரு நிலை வீதம் கூட்டுங்கள். தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, காலையில் மீதியைக் கொட்டிவிடுங்கள். நடு இரவில் குழாயில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டாலோ முகத்தில் தண்ணீர் தெறித்தாலோ, ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீராகப் படிகிறது என்று அர்த்தம். ஈரப்பதத்தை ஒரு நிலை குறையுங்கள், அல்லது குழாய்க்குத் துணியுறை போடுங்கள். சூடாகும் குழாய் இருந்தால் அதன் வெப்பத்தை ஏற்றுங்கள். கருவி படுக்கையைவிடத் தாழ்வாக இருக்கட்டும், படிந்த நீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும்.

வயிற்று உப்பசத்துக்கு இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கசிவு நின்ற பிறகும் உப்பினால், 14 என்ற மேல்வரம்பு அவ்வளவு தேவையா என்று பதிவுகளைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

தூக்கத்தில் கழற்றுவதைப் பற்றி உங்கள் மேலேயே கோபப்படாதீர்கள். அசௌகரியம் எல்லையைத் தாண்டும்போது அரைத் தூக்கத்தில் கை செய்கிற காரியம் அது. ஆனால் கழற்றுகிற நேரம் மோசமான நேரம். கனவு வரும் ‘ரெம்’ தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம். அப்போதுதான் தொண்டைத் தசைகள் மிகவும் தளரும், பலருக்கு மூச்சுத் தடையும் நீளும். இரண்டு மணிக்கு மாஸ்க் போய்விட்டால் அத்தனை நேரமும் காவல் இல்லை. விழிப்பு வந்ததும் திரும்ப மாட்டுங்கள். மாஸ்க் கழன்றால் ஒலி எழுப்பும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் போட்டு வையுங்கள். இருபது நிமிடம் தூக்கம் வராமல் எரிச்சலாக இருந்தால், கழற்றிவிட்டு எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது மறுபடி மாட்டிப் படுங்கள்.

இதற்கான உண்மையான பயிற்சி பகலில்தான். தூக்கக் கலக்கத்தோடு, நாளைக்கு வேலை இருக்கிறதே என்ற பதற்றத்தோடு புதிய ஒன்றைப் பழகுவது கடினம். நாற்காலியில் உட்கார்ந்து, குழாயை இணைக்காமல் மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துப் பத்து நிமிடம் மூச்சு விடுங்கள். அது சாதாரணமாகத் தோன்றிய பிறகு ஸ்ட்ராப் போட்டு, குழாயை இணைத்து, கருவியை ஓடவிட்டு, படித்துக்கொண்டோ டிவி பார்த்துக்கொண்டோ அரை மணி நேரம் இருங்கள். அப்புறம் அதோடு ஒரு குட்டித் தூக்கம். எந்தப் படியில் பதற்றம் வந்தாலும் முந்தைய படிக்குத் திரும்புங்கள், நாள் கணக்கு பார்க்க வேண்டாம். குழாயை ஒரே இழுப்பில் எப்படிப் பிரிப்பது என்று கண்ணை மூடிக்கொண்டே சில தடவை செய்து பழகுங்கள். நினைத்த விநாடியில் விடுபடலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பயம் பெருமளவு அடங்கும். மின்சாரம் நின்றால் என்ன ஆகுமோ என்ற கவலையும் வேண்டாம். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் அப்போது தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கிறது.

திரையில் மூன்று எண்களை மட்டும், வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். கசிவு குறைகிறதா? சில கருவிகளில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. மணி நேரம் கூடுகிறதா? பலரும் சொல்லும் "நான்கு மணி நேரம்" என்பது உபயோகத்தைக் கணக்கெடுக்க வைத்த குறைந்தபட்ச எல்லை, இலக்கு அல்ல. தூங்கும் நேரம் முழுக்க மாஸ்க் இருக்க வேண்டும். மூன்றாவது, ஏ.ஹெச்.ஐ. 5-க்குக் கீழே வருகிறதா? கசிவு அடங்கியும் அது இறங்காமல், ‘சென்ட்ரல்’ அல்லது ‘கிளியர் ஏர்வே’ என்ற வகை (மூச்சுவழி திறந்திருந்தும் மூச்சு நிற்பது) மட்டும் அதிகமாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சையின் தொடக்கத்தில் சிலருக்கு அப்படி வரும், பெரும்பாலும் சில வாரங்களில் மறையும், ஆனால் கண்காணிக்க வேண்டும்.

குஷனைத் தினமும் காலையில் மென்மையான சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். குழாயையும் தொட்டியையும் வாரம் ஒரு முறை கழுவி, வெயில் நேராகப் படாத இடத்தில் உலர்த்துங்கள். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் பெட்டிகளை வாங்காதீர்கள், அந்த வாயு நுரையீரலை எரிச்சலூட்டும்.

வேறு சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல்கருவி லேசான, மிதமான நிலைக்கு நன்றாக உதவும். 38-க்கு அது முதல் தேர்வு அல்ல, சிபாப் முடியவே முடியாது என்றான பிறகு யோசிக்கலாம். எடை அதிகமிருந்தால் குறைப்பது கட்டாயம் பலன் தரும். உடல்பருமனோடு கூடிய மிதமான, தீவிர ஆப்னியாவுக்கு எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அனுமதித்தது. இவை எல்லாவற்றுக்கும் மாதங்கள் ஆகும். அதுவரை இரவில் உங்கள் மூச்சைக் காப்பது இந்தக் கருவிதான்.

தூக்க மாத்திரையையும் மதுவையும் தவிருங்கள், தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். தூக்கம் வருகிற நிலையில் வண்டி ஓட்டவே ஓட்டாதீர்கள். மூக்கில் ரத்தம், காதுவலி, விடாத தலைவலி இருந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி என்றால் உடனடியாக அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றபடி இரண்டு வாரம் கழித்து அவரைச் சந்திக்கும்போது கருவியின் மெமரி கார்டையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே படுத்து, மாட்டிக் காட்டுங்கள்.