லாரி சாவிக்கு முன் லோடு நோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

"டிகிரி முடிச்சிட்டு லாரி வாங்கப் போறேங்கிறான், நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்று எழுதியிருந்தீர்கள். அவன் ஆசையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. கப்பல் சரக்கைக் கண்டெய்னருக்கு மாற்றிக் காட்டிய மால்கம் மெக்லீன், 1934-ல் ஒரே ஒரு பழைய லாரியோடுதான் தொழிலுக்கு வந்தார். 58 கண்டெய்னர்களோடு அவருடைய கப்பல் கிளம்பியது 1956-ல். நடுவில் இருக்கும் அந்த 22 வருடங்களைப் பற்றித்தான் உங்கள் மகனிடம் பேச வேண்டும்.

இந்தத் தொழிலில் ஆகச் சுலபமான வேலை லாரி வாங்குவது. முன்பணம் கட்டினால் சாவி கைக்கு வந்துவிடும். லோடு ஏற்றிக்கொண்டு போவதும் பெரிய காரியமில்லை. காலியாகத் திரும்பாமல் இருப்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. 500 கிலோமீட்டர் லோடோடு போய், 500 கிலோமீட்டர் வெறும் வண்டியாக வந்தால், வாடகை பாதித் தூரத்துக்கு. டீசலும் டயரும் முழுத் தூரத்துக்கு.

ரிட்டர்ன் லோடுக்கு வாடகை குறைத்துக் கேட்பார்கள். புதிதாக வருபவருக்கு ரோஷம் வந்துவிடும், நல்ல வாடகை வரட்டும் என்று வண்டியை நிறுத்திவிடுவார். நிற்கிற வண்டிக்கும் தவணை, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் உண்டே! நின்றால் ஒரு நாளைக்கு 10 பங்கு செலவு என்று வையுங்கள். இன்றைக்கு 30 பங்குக்கு லோடு கிடைக்கிறது. இரண்டு நாள் காத்திருந்தால் 45. காத்திருந்தவர் கையில் மிஞ்சுவது 25-தான். அதற்காக எந்த வாடகைக்கும் தலையாட்டவும் கூடாது. டீசலுக்கே கட்டாத லோடை ஏற்றுவதைவிடக் காலியாக வருவது மேல். உங்கள் மகன் தன் வண்டியின் ஒரு நாள் நிறுத்தச் செலவை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அடுத்தது பாக்கி. டீசலுக்கு இன்றே காசு வேண்டும். லோடு கொடுத்த கம்பெனியோ பில்லை வாங்கி வைத்துக்கொண்டு 30 நாள், 60 நாள் கழித்துத்தான் தரும். லோடுக்குப் பஞ்சமே இல்லாதபோதும் தவணை கட்ட முடியாமல் வண்டியை விட்டவர்கள் உண்டு. இரண்டு மாத ஓட்டச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் கடன் பத்திரத்தில் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் மட்டும் கொஞ்சம் கல்நெஞ்சாகவே இருங்கள்.

ஓவர்லோடு ஆசையும் வரும். அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைச் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். எடை மேடையில் அவ்வளவு கெடுபிடி காட்டுவது சும்மா இல்லை. டயரும் பிரேக்கும் நம்முடையவை என்பது தனிக் கதை.

ராத்திரிப் பயணத்தை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்றீர்களே, அது நியாயமான பயம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அவன் ஓட்டினாலும் அவனிடம் சம்பளம் வாங்குபவர் ஓட்டினாலும் அந்த அளவைக் கடைப்பிடிக்கட்டும்.

இப்போதைக்கு அவனை ஒரு வருடம் ஏதாவது ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வேலைக்குச் சேரச் சொல்லுங்கள். ஸ்டியரிங் பக்கம் வேண்டாம், புக்கிங் மேஜைக்கு. லோடு பதிவு எழுதட்டும், டெலிவரி சீட்டைத் துரத்தி வாங்கட்டும், பாக்கி கேட்டு நாலு பேரிடம் பேச்சு வாங்கட்டும். எந்தப் புரோக்கர் சொன்ன வாடகையைத் தருகிறார் என்பது அங்கேதான் தெரியும். லீவு நாளில் பட்டறையில் உட்காரட்டும். ஒரு நெடும்பயணமாவது டிரைவரோடு கூடப் போய்வரட்டும். டிகிரி வீணாகுமோ என்று கவலைப்படாதீர்கள், கணக்கு தெரிந்த பையனுக்கு அந்த மேஜையில் வேலை நிறைய இருக்கிறது.

அங்கே ஓடும் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் நோட்டுப் போடச் சொல்லுங்கள்: லோடோடு எத்தனை கிலோமீட்டர், காலியாக எத்தனை, நின்றது எத்தனை நாள், பணம் வந்த தேதி எது. நோட்டு நிறைந்ததும் அவனையே என்னிடம் அனுப்புங்கள். எந்த வண்டி, எத்தனை டன் என்ற பேச்சை அன்றைக்கு ஆரம்பிக்கலாம்.