கன்று வீசிய பசுவும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும்

கேள்வி: ஏழு மாதச் சினையாக இருந்த எங்கள் கலப்பினப் பசு கன்று வீசிவிட்டது. விழாமல் தங்கிய நஞ்சுக்கொடியை நானே வெறுங்கையால் எடுத்தேன். சில வாரங்களாக எனக்கு மாலை நேரத்தில் காய்ச்சலும் மூட்டுவலியும் வருகின்றன. இந்தப் பாலைக் குடிக்கலாமா? தரகர் ஒருவர் மாட்டைக் கேட்கிறார், விற்றுவிடலாமா?

பதில்: மாட்டை விற்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் நீங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள். சினையின் கடைசி மாதங்களில் கன்று வீசி நஞ்சுக்கொடியும் தங்கினால் நான் முதலில் சந்தேகிப்பது புருசெல்லா என்ற கிருமியையே. அது நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் ஏராளமாக இருக்கும். கையில் உள்ள சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் புகுந்துவிடும். கன்று வீசிய மாட்டைத் தொட்டதை நீங்களாகச் சொல்லாவிட்டால், மருத்துவர் டைபாய்டு என்று கருதிச் சில நாள் மாத்திரை கொடுக்கக்கூடும். காய்ச்சல் தணிந்து மீண்டும் வரும். புருசெல்லா உறுதியானால் வழக்கமாக டாக்சிசைக்ளினுடன் இன்னொரு மருந்தையும் சேர்த்து 6 வாரம் தருவார்கள். உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி சாகும். பச்சைப்பாலை வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய இதே காய்ச்சலுக்கு ஆட்டுப்பாலே காரணம் என்பதற்கான தடயத்தை 1905இல் தெமிஸ்டோகிளிஸ் சம்மிட் என்ற மருத்துவர் கண்டார். மறு ஆண்டு படைமுகாம்களில் அந்தப் பாலை நிறுத்தியதும் நோய் சரசரவென்று குறைந்தது.

இனி, தரகர். மாட்டின் ரத்தத்தைச் சோதிக்கக் கொடுங்கள், அதன் முடிவு வரும் முன் மாட்டைக் கொடுக்காதீர்கள். நோயுள்ள பசு பெரும்பாலும் ஒருமுறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் கன்று போட்டாலும் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தரகருக்கு வசதியாக இருப்பது இதுதான்: உங்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, அடுத்த சந்தையில் நல்ல கறவை என்று விற்றுவிட்டால், வாங்கியவரின் தொழுவம் முழுவதும் கெடும்வரை யாருக்கும் தெரியாது. நோயில்லை என்ற சான்றுடன் மாடு விற்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் மாடு வாங்கும்போது சான்றிலுள்ள 12 இலக்க எண்ணும் மாட்டின் காதுத் தோட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஓர் ஊசியில் குணப்படுத்துகிறேன் என்று வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். மாட்டுக்கு இந்நோயைத் தீர்க்கும் நம்பத்தக்க சிகிச்சை இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவை நம்புவதில் ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள், வாழ்நாளில் ஒரே முறை போடப்படும் எஸ்19 என்ற புருசெல்லா தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. உரிய வயதில் போட்டிருந்தால் அதனால் உண்டான எதிர்ப்பொருள் பசு வளர்வதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். வயது கடந்து போட்டிருந்தால், அந்த எதிர்ப்பொருளைத் தேடும் ரோஸ் பெங்கால் என்ற ரத்தச் சோதனையில், நோயே இல்லாத பசுவின் ரத்தமும் நோய் இருப்பதாகக் காட்டலாம். ஆகவே தடுப்பூசி போட்டார்களா, எந்த வயதில் போட்டார்கள் என்பதை மாதிரி எடுப்பவரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். அதே சமயம், தடுப்பூசி போட்ட பசு என்பதாலேயே வந்த முடிவு பொய் என்று நீங்களாகத் தீர்மானித்துவிடவும் கூடாது. கன்றும் வீசியிருப்பதால் வேறு முறையில் மறுசோதனை செய்தே ஆக வேண்டும்.

2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கன்றுகளுக்கு இந்தத் தடுப்பூசி இலவசம். நோயைத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை என்று கால்நடைத் தொற்றுநோய்களுக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் தெரிவித்துவிட்டு மாட்டை இழப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், தெளிவாகப் பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. பிறகு அவர் தரகரைத் தேடாமல் யாரைத் தேடுவார்? மாட்டின் ரத்தம் ஒரு துறைக்கும் மாட்டுக்காரரின் ரத்தம் இன்னொரு துறைக்கும் போகின்றன. இரண்டு முடிவுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க இன்றும் நாதியில்லை. உங்கள் இரண்டு தாள்களையும் நீங்களே இரு மருத்துவர்களிடமும் காட்டுங்கள்.

முடிவு வரும்வரை பசுவைத் தனியே கட்டுங்கள். மிச்சமிருக்கும் நஞ்சுக்கொடியையும் நனைந்த வைக்கோலையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். தொழுவத்தில் வேறு சினைமாடு இருந்தால், அதன் ரத்தத்தையும் இப்போதே சோதிக்கச் சொல்லுங்கள். அது ஈனும்போது கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போக வேண்டாம்.