எந்தப் பெட்டிக்கு எந்த இமேஜ்? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் ரவுட்டர், சுவிட்ச், வைஃபை பெட்டிகளுக்குள் ஓடி அவற்றை இயக்கும் மென்பொருளான ஃபேர்ம்வெயர் பற்றிய கேள்விகளை எடுத்திருக்கிறோம். அந்த மென்பொருள் அடங்கிய கோப்புதான் இமேஜ். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியுள்ளோம்.

கேள்வி: கந்தோர், பெக்டரி, மூன்று டிவிஷன் எல்லாம் சேர்த்து எங்கள் தோட்டத்தில் இருபது பெட்டிகள்வரை இருக்கின்றன. ஃபேர்ம்வெயர் கோப்புகள் இரண்டு லேப்டொப்பிலும் ஒரு பென் டிரைவிலும் சிதறிக் கிடக்கின்றன. ‘புதுசு’, ‘இதுதான் சரி’ என்றெல்லாம் பெயர். எப்படி ஒழுங்கு செய்வது?
– தோட்டக் கந்தோர் ஊழியர், தலவாக்கலை

பதில்: கோப்புகளைப் பிறகு பார்ப்போம். முதலில் பெட்டிகளை எண்ணுங்கள். ஒரு தாளில் பெட்டிக்கு ஒரு வரி: இருக்கும் இடம், மாதிரிப் பெயர், வன்பொருள் பதிப்பு, இப்போது ஓடும் ஃபேர்ம்வெயர், பூட்லோடர் (கரண்ட் கொடுத்ததும் ஃபேர்ம்வெயரைத் தொடக்கிவிடும் சிறு நிரல்) பதிப்பு, ஃபிளாஷ் (இமேஜைச் சேமிக்கும் நினைவகம்) அளவு, ரேம் அளவு.

இதில் எல்லோரும் கோட்டைவிடுவது வன்பொருள் பதிப்பில்தான். டிபி-லிங்க் பெட்டியின் அடியில் உள்ள லேபிளில் ‘வேர்’ என்று ஓர் எண் இருக்கும். மாதிரிப் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் 1, 2, 3 என்று பதிப்பு மாறும்போது உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். ஒன்றின் இமேஜ் மற்றதற்கு ஆகாது. யுபிகுவிட்டியின் பழைய எம் வரிசையில் எக்ஸ்.எம்., எக்ஸ்.டபிள்யூ. என்று இரண்டு பலகைகள் உண்டு. வெளிக்கூடு ஒரே மாதிரி; அமைப்புப் பக்கத்தில் பதிப்பு எண்ணின் முன்னொட்டைப் பார்த்தால்தான் தெரியும். மைக்ரோடிக்கில் மாதிரிப் பெயரைவிட ஆர்க்கிடெக்சர், அதாவது செயலியின் வகை, முக்கியம். ‘சிஸ்டம் ரிசோர்ஸ் பிரின்ட்’ என்று கேட்டால் எஸ்மிப்ஸ், மிப்ஸ்பிஇ, ஆர்ம் என்று பதில் வரும். அதற்குரிய பொதியைத்தான் ஏற்ற வேண்டும். சிஸ்கோவில் ‘ஷோ வேர்ஷன்’ ஒன்றே பாதித் தாளை நிரப்பிவிடும்.

அடுத்து கோப்புகள். உற்பத்தியாளர் வைத்த பெயரை மாற்றவே வேண்டாம். அந்தப் பெயருக்குள் சங்கதி இருக்கிறது. சிஸ்கோ ஐ.ஓ.எஸ். இமேஜின் பெயரில் எந்தப் பெட்டி, என்னென்ன வசதிகள், எந்தப் பதிப்பு எல்லாமே உண்டு. அதில் ‘கே9’ இருந்தால் வலுவான குறியாக்கம் உள்ளது என்று பொருள். கே9 இல்லாத இமேஜைத் தெரியாமல் ஏற்றினால் பெட்டி நன்றாகவே எழும்பும், ஆனால் தூரத்திலிருந்து பாதுகாப்பாகப் பெட்டிக்குள் நுழையும் வழியான எஸ்.எஸ்.எச். இருக்காது. மேல் டிவிஷனில் உள்ள சுவிட்சுக்கு அதுதான் உங்கள் ஒரே வழி என்றால், கொன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மாதிரிக்கும் வன்பொருள் பதிப்புக்கும் ஒரு ஃபோல்டர். அதில் மூன்று இமேஜ் போதும்: இப்போது ஓடுவது, அதற்கு முன்னையது, அடுத்து ஏற்ற நினைப்பது. மற்றவை இடத்தை அடைப்பவை. கூடவே பதிப்புக் குறிப்பும் (என்ன மாறியது என்று உற்பத்தியாளர் தரும் பட்டியல்), இமேஜை மாற்றுவதற்கு முன் எடுத்த கொன்ஃபிக் கோப்பும் (பெட்டியின் அமைப்புகள்) இருக்கட்டும். கொன்ஃபிக் ஏன் என்றால், புதிய பதிப்பு சேமிக்கும்போது சில வரிகளைத் தன் பாணியில் மாற்றி எழுதிவிடும். பிறகு பழைய இமேஜுக்குத் திரும்பினால் அதற்கு அந்த வரிகள் விளங்காது, தூக்கி எறிந்துவிடும். பழைய இமேஜும் பழைய கொன்ஃபிக்கும் சேர்ந்துதான் ஒரு சோடி.

ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண். அந்தச் சரிபார்ப்பை இரண்டு இடத்தில் செய்யுங்கள். பதிவிறக்கியதும் விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’, லினக்ஸில் ‘எஸ்.எச்.ஏ. 256 சம்’ கொண்டு கணக்கிட்டு உற்பத்தியாளரின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்குள் அனுப்பியபின், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்னொரு முறை. சிஸ்கோவில் ‘வெரிஃபை’ கட்டளையை எம்.டி. 5 தெரிவோடு ஃபிளாஷில் உள்ள கோப்பின்மேல் ஓட்டலாம். முதலாவது பதிவிறக்கத்தைச் சோதிக்கிறது, இரண்டாவது உங்கள் வயரைச் சோதிக்கிறது. எஃப்.டி.பி.யில் பைனரி முறைக்குப் பதிலாக ஆஸ்கி முறையில் அனுப்பிக் கோப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த இரண்டாவது சோதனையில்தான் பிடிபடுவார்கள்.

‘இதுதான் சரி’ என்ற கோப்பையும் இப்படியே ஹாஷ் எடுத்துப் பாருங்கள். உற்பத்தியாளரின் பட்டியலில் எதனோடும் பொருந்தாவிட்டால் அழித்துவிடுங்கள், இரக்கம் வேண்டாம். யாரோ ஏற்றிவைத்த தளத்தில் இமேஜும் ஹாஷும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்த ஹாஷுக்கு மதிப்பில்லை; கோப்பை மாற்றியவர் அதையும் மாற்றியிருப்பார். இது வீண் பயமல்ல. 2015 செப்டம்பரில் உக்ரேன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, இந்தியா ஆகிய நாடுகளில் 14 சிஸ்கோ ரவுட்டர்களில் திருத்தப்பட்ட ஐ.ஓ.எஸ். இமேஜ் ஓடிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. வெளிப்பார்வைக்கு அந்த ரவுட்டர்கள் வழக்கம்போலத்தான் வேலை செய்தன.

கேள்வி: பெக்டரியில் இருக்கும் டி.எஃப்.டி.பி. சேர்வரிலிருந்து மேல் டிவிஷன் ரவுட்டருக்கு 30 எம்.பி. இமேஜை அனுப்ப ஒரு மணித்தியாலம் ஆகிறது. இதைவிடப் பெரிய இன்னொரு இமேஜ் பாதி வழிக்கு மேல் போய் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. லைன் பழுதா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: லைன் பழுதாக இருக்க வேண்டியதில்லை. டி.எஃப்.டி.பி. என்பது கோப்பு அனுப்பும் எளிய முறை. அது 512 பைட் கொண்ட ஒரு துண்டை அனுப்பி, ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பதில் வந்தபிறகே அடுத்த துண்டு. போய் வர 50 மில்லி விநாடி ஆகும் இணைப்பில் விநாடிக்கு 20 துண்டுதான் போகும், அதாவது 10 கே.பி. அந்தக் கணக்கில் 30 எம்.பி.க்கு 51 நிமிடம். இணைப்பின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும், போய்வரும் நேரம் குறையாவிட்டால் இது மாறாது.

நின்றுபோவதற்குக் காரணம் வேறு. துண்டுகளுக்கு இடும் எண் 16 பிட், ஆகவே 65,535க்கு மேல் எண்ண முடியாது. அதை 512ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32 எம்.பி. அதைத் தாண்டியதும் சில சேர்வர்கள் திரும்பப் பூச்சியத்திலிருந்து எண்ணும், சில அப்படியே நின்றுவிடும். உங்களுடையது 32 எம்.பி.யில் நிற்கிறதா என்று பாருங்கள். வேறெங்கோ, தடவைக்கு ஓரிடத்தில் நின்றால்தான் லைனைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து துண்டைப் பெரிதாக்குவது. சிஸ்கோவில் ‘ஐ.பி. டி.எஃப்.டி.பி. புளொக்சைஸ் 1400’ என்று கொடுங்கள். சேர்வரும் இந்த வசதியை ஏற்க வேண்டும். அதே 30 எம்.பி. 19 நிமிடத்தில் போய்ச்சேரும், எல்லையும் 87 எம்.பி.வரை உயரும். சாதாரண ஈதர்நெட்டில் 1468வரை போகலாம். நடுவில் வி.பி.என். சுரங்கம் இருந்தால் அந்த அளவு துண்டாகிவிடும், 1400ஐயும் இன்னும் குறைக்க வேண்டிவரலாம்.

பெட்டி அனுமதித்தால் எச்.டி.டி.பி. அல்லது எஸ்.சி.பி.க்கு மாறுவது இன்னும் நல்லது. அவை ஒவ்வொரு பதிலுக்கும் காத்திராமல் பல பொதிகளைத் தொடர்ந்து அனுப்பும்.

அந்த டிவிஷனில் இன்னும் நாலைந்து சிஸ்கோ பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கீழேயிருந்து அனுப்பாதீர்கள். ஒரு ரவுட்டருக்கு மட்டும் அனுப்பி, அதில் ‘டி.எஃப்.டி.பி. சேர்வர் ஃபிளாஷ்’ என்று எழுதிக் கோப்பின் பெயரையும் கொடுத்தால் அதுவே பக்கத்துப் பெட்டிகளுக்கு இமேஜை வழங்கும். வேலை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள், டி.எஃப்.டி.பி.க்குக் கடவுச்சொல் கிடையாது.

திரையில் ஆச்சரியக்குறிகள் ஓடினால் சரி, ஒவ்வொன்றும் பத்துப் பொதி. தொடக்கத்திலிருந்தே வெறும் புள்ளிகள் என்றால் ஃபயர்வோலைப் பாருங்கள். 69ஆம் போர்ட் முதல் கோரிக்கைக்கு மட்டும்தான். சேர்வர் பதிலை வேறொரு போர்ட்டிலிருந்து தொடங்கும், அதற்கும் வழி வேண்டும்.

கேள்வி: இரண்டு மலைகளுக்கு இடையில் 5 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு. எந்த முனையை முதலில் புதுப்பிப்பது?
– தனியார் விடுதி ஒன்றின் தொழில்நுட்பப் பொறுப்பாளர், ஹப்புத்தளை

பதில்: தூரத்து முனையை. இமேஜை இரண்டு பெட்டிகளுக்கும் முன்கூட்டியே அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் தூரத்துப் பெட்டியில் ஏற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது எழும்பிப் பழைய பதிப்பில் இருக்கும் இந்த முனையோடு பேசினால் பிறகு பக்கத்துப் பெட்டி. பேசாவிட்டாலும் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது: பக்கத்துப் பெட்டியையும் அதே பதிப்புக்கு ஏற்றிப் பாருங்கள். பக்கத்ததை முதலில் ஏற்றி இணைப்பு அறுந்தால், பழைய பதிப்புக்கு இறக்குவது ஒன்றே மிச்சம். அதுவும் கைகொடுக்காவிட்டால் அட்டைக்கடியோடு எதிர் மலை ஏற வேண்டும்.

ரீஸ்டார்ட் ஆனதும் இணைப்பு வரவில்லை என்று உடனே பிளக்கைப் பிடுங்காதீர்கள். ரேடார் அலைவரிசைகளில் இயங்கும் பெட்டி, ரேடார் இருக்கிறதா என்று முதலில் 60 விநாடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டே அனுப்பத் தொடங்கும். ஐரோப்பிய விதிப்படி அமைத்த பெட்டிகளில், வானிலை ரேடாருக்குரிய 5600 முதல் 5650 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதிக்கு இது 10 நிமிடம்.

சிஸ்கோவில் ‘ரீலோட் இன் 15’ போட்டுவைத்தால் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் பலர். சேமிக்காத கொன்ஃபிக்கைத்தான் அது பழையபடி கொண்டுவரும், இமேஜைத் திருப்பாது. ‘பூட் சிஸ்டம்’ வரியை இரண்டாக, புதியது முதலும் பழையது அடுத்ததுமாக எழுதுவது நல்ல பழக்கம். புதிய கோப்பு இல்லாமற்போனாலோ கெட்டிருந்தாலோ பெட்டி பழையதை எடுக்கும். ஆனால் புதியது நன்றாக எழும்பி, இணைப்பு மட்டும் வராதிருந்தால் பெட்டிக்கு அது குறையாகவே தெரியாது.

கேள்வி: புதுப்பிக்கும்போது கரண்ட் போய்விட்டது. பெட்டி எழும்பவில்லை. குப்பைக்குத்தானா?
– வாசகர், பதுளை

பதில்: பெரும்பாலும் இல்லை. பாதி எழுதப்பட்டது இமேஜ்தான். பூட்லோடர் ஃபிளாஷின் வேறு பகுதியில் இருக்கும். என்ன பெட்டி என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே வகைக்கொன்றாகச் சொல்கிறோம். எதுவாக இருந்தாலும் கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, கணினிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாதாரண சுவிட்சை வையுங்கள். பெட்டி எழும்பி அணையும் ஒவ்வொரு முறையும் கணினியின் போர்ட்டும் விழுந்து எழுந்தால், அந்த இரண்டு மூன்று விநாடி வாய்ப்புக் கைதவறிவிடும்.

யுபிகுவிட்டி: ரீசெட்டை அழுத்தியபடி கரண்ட் கொடுத்து, விளக்குகள் மாறிமாறிச் சிமிட்டும்வரை பிடித்திருங்கள். பெட்டி 192.168.1.20 என்ற முகவரியில் காத்திருக்கும். கணினிக்கு அதே வரிசையில் வேறு முகவரி கொடுத்து, டி.எஃப்.டி.பி.யில் பைனரி முறையில் அனுப்புங்கள். டிபி-லிங்கின் பல மாதிரிகள் இதற்கு நேர்மாறு: கணினி சேர்வராக 192.168.0.66இல் இருக்க வேண்டும், பெட்டி குறிப்பிட்ட பெயரில் கோப்பைத் தானே கேட்கும். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் எடுக்காது. மைக்ரோடிக்குக்கு நெட்இன்ஸ்டோல் என்ற கணினி நிரல்; முதல் போர்ட்டில் வயரைக் கொடுத்து, நிரலில் பெட்டி தோன்றும்வரை ரீசெட்டை விடாதீர்கள். பழைய கொன்ஃபிக் போய்விடும்.

சிஸ்கோ 2960 போன்ற சுவிட்சுக்குக் கொன்சோல் வழியாக எக்ஸ்மொடம் என்ற கோப்பு அனுப்பும் முறை. வழக்கமான 9600 வேகத்தில் 10 எம்.பி. இமேஜுக்கு மூன்று மணித்தியாலம் பிடிக்கும், அதற்குள் இன்னொரு தடவை கரண்ட் போகலாம். ‘செட் போட் 115200’ என்று கொடுத்து, லேப்டொப் பக்கத்திலும் அதே வேகத்தை வைத்தால் கால் மணித்தியாலம். முடிந்ததும் ‘அன்செட் போட்’ மறக்க வேண்டாம். மறந்தால் அடுத்து வருகிறவர் 9600இல் கிறுக்கெழுத்தைத்தான் பார்ப்பார்.

பூட்லோடரை எழுதும்போதே கரண்ட் போயிருந்தால் இவை எதுவும் உதவாது. ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி நேரடியாக எழுத வேண்டும், அது மின்னணுத் திருத்துனரின் வேலை.

அடுத்த முறை பெட்டியையும் கணினியையும் யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள். மார்ச் – ஏப்ரலிலும் ஒக்டோபர் – நவம்பரிலும் மலைநாட்டில் பிற்பகல் இடியோடுதான் கழியும். அந்த மாதங்களில் இந்த வேலையைக் காலையில் முடித்துவிடுங்கள். தோட்டம் என்றால் கொழுந்து நிறுக்கும் நேரத்தையும் தவிர்க்க வேண்டும், தராசும் அதே வலையமைப்பில்தான் தொங்குகிறது.

கேள்வி: புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டுமா?
– ஆசிரியர், ஹட்டன்

பதில்: வேண்டாம், ஆனால் பதிப்புக் குறிப்பை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். பாதுகாப்புத் திருத்தம் இருந்தால், அதுவும் இணையத்தை நேரே பார்க்கும் பெட்டி என்றால், தள்ளிப்போடக்கூடாது. மைக்ரோடிக்கை நிர்வகிக்கும் வின்பொக்ஸில் இருந்த பாதுகாப்பு ஓட்டைக்கு 2018 ஏப்ரலிலேயே 6.42.1 பதிப்பில் திருத்தம் வந்துவிட்டது. அதன்பிறகும் மாதக்கணக்கில் திருத்தாத ரவுட்டர்களை ஊடுருவிகள் தேடித்தேடிப் பிடித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் வெளிப்பட்ட வி.பி.என். ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 இலட்சம் பெட்டிகளில் புகுந்திருந்தது. புதிய வசதி மட்டும்தான் என்றால் ஒரு மாதம் பொறுங்கள். பாடசாலை ஆய்வகத்தில் ஒரே மாதிரி சுவிட்ச் நாலு இருந்தால் ஒன்றில் ஏற்றி ஒரு வாரம் ஓடவிட்டபின் மற்ற மூன்று.

மைக்ரோடிக்கில் ரவுட்டர்ஓ.எஸ். ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. ‘சிஸ்டம் ரவுட்டர்போட் அப்கிரேட்’ கொடுத்து இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தால்தான் பூட்லோடரும் மாறும். ஃபிளாஷ் 16 எம்.பி. மட்டுமே உள்ள சிறிய பெட்டிகளில் முதலில் பழைய பேக்கப் கோப்புகளை வெளியே எடுத்து இடம் பண்ணுங்கள். இடம் போதாமல்தான் அவற்றில் பாதி தோல்வி.

கேள்வி: இணைய நிறுவனம் தந்த ரவுட்டருக்கு நானே ஃபேர்ம்வெயர் ஏற்றலாமா?
– வாசகர், கொட்டகலை

பதில்: ஏற்றாதீர்கள். அந்தப் பெட்டிகளில் உள்ளது நிறுவனத்துக்கென்று தனியாகத் தயாரித்த இமேஜாகவே பெரும்பாலும் இருக்கும், டி.ஆர். 069 என்ற முறையில் அவர்களே தூரத்திலிருந்து மாற்றுவார்கள். உற்பத்தியாளர் தளத்தில் அதே மாதிரிப் பெயரில் இருக்கும் கோப்பை ஏற்றினால் இணைப்புக்குரிய அமைப்புகள் போய்விடலாம். உங்களுக்கு வேண்டிய வசதி அதில் இல்லாவிட்டால், அதன் லேன் போர்ட்டில் சொந்த ரவுட்டர் ஒன்றைப் பூட்டுங்கள். அதில் என்ன வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.