நோர்டால் கிரீக் யார்? அவரை எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கைத் தேடி வந்தவர்களுக்கு: அவர் வேறு, இவர் வேறு. இருவரும் நார்வேயின் பெர்கன் நகரத்தில் பிறந்தவர்கள் என்பதால் வரும் குழப்பம் இது. நோர்டால் கிரீக் (1902–1943) நாடகாசிரியர், கவிஞர், பத்திரிகையாளர்.

எதை எழுதினாலும் முதலில் அந்த இடத்துக்குப் போய்விடுவார். இளம் வயதிலேயே சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். 1924இல் வந்த கப்பல் நாவல் அதன் விளைச்சல். 1927இல் உள்நாட்டுப் போர் நடந்த சீனாவுக்கும், 1937இல் ஸ்பெயினுக்கும் செய்தியாளராகப் போனார். இடையில் மாஸ்கோவில் தங்கி, சிறுசிறு காட்சிகளை எதிரெதிரே வெட்டி ஒட்டும் மேடை உத்தியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த உத்தி முழுதாகப் பலித்தது 'நம் பெருமையும் நம் வலிமையும்' (1935) நாடகத்தில். தொடக்கம் அதுவாக இருக்கட்டும். முதல் உலகப் போரில் நார்வே நடுநிலை நாடு. ஆனாலும் அதன் மாலுமிகள் சுமார் 2,000 பேர் கடலில் மாண்டார்கள், கப்பல் முதலாளிகளோ கொழித்தார்கள். ஒரு காட்சியில் மாலுமிகளின் சாவு, இன்னொன்றில் முதலாளிகளின் லாபக் கணக்கு. தலைப்பே ஒரு குத்தல்: அந்தப் பெருமையையும் வலிமையையும் வெள்ளைக் கப்பல் பாய்கள் கொண்டுவந்தன என்று நார்வேக் கவிஞர் பியோர்ன்சன் எழுதிய மாலுமிப் பாட்டிலிருந்து எடுத்தது. முதலில் மேடையேறியதும் கப்பல் முதலாளிகளின் ஊரான பெர்கனில்தான்! முதலாளிகளைக் கோமாளிகளாக நடித்தால் நாடகம் படுத்துவிடும்; அவர்கள் நல்ல குடும்பத்து மனிதர்களாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் உறைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாலின் தன் அரசியல் எதிரிகளை ஒழிக்க நடத்திய மாஸ்கோ வழக்குகளுக்கு அவர் வக்காலத்து வாங்கினார். 1938 நாவலைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, 1940 மே 17 கவிதை. தேசிய நாளில், ஜெர்மானியர் பிடியில் பாதி நாடு இருக்கையில், டிரோம்சோ வானொலியில் அவரே வாசித்தது. அரசியல் சட்டம் பிறந்த எய்ட்ஸ்வோலில் துளிர்விடும் மரங்களுக்கு நடுவே கொடிக்கம்பம் வெறுமையாக நிற்கிறது: தொடக்கமே அதுதான். 1943 டிசம்பர் 2 இரவு, பெர்லின்மீது குண்டுவீசப் போன லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் ரக விமானத்தில் செய்தியாளராக ஏறியவர் திரும்பவில்லை. அதே இரவு வேறொரு விமானத்தில் போன அமெரிக்க வானொலிக்காரர் எட்வர்ட் மரோ திரும்பிவந்து ஒலிபரப்பினார்.

1871இல் பாரிஸில் எழுந்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூனைப் பற்றிய 'தோல்வி' (1937) நாடகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் அதற்கு மாற்றாகத்தான் 'கம்யூனின் நாட்கள்' எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் சண்டை எங்கே என்று புரியும்.