உப்புக்கு மடங்காத கோல்கள்

அன்புள்ள சார்,

வீட்டில் மிளகாய் சாஸ் செய்து வேலந்தாவளம் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மின்சுமையுள்ள பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) உப்பில் சுருண்டுவிடும், கரைசல் நீர்த்துப்போகும் என்று எழுதியிருந்தீர்கள். சாஸைக் கெட்டியாக்க சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) போட்டபோது அப்படித்தான் ஆனது. அதற்குப் பதில் போட்ட சாந்தன் கம் என்ற கெட்டியாக்கி உப்புக்கு அசையவே இல்லை. பாட்டிலைக் கவிழ்த்தால் நிற்கிறது, குலுக்கினால் ஓடுகிறது, தட்டில் விழுந்ததும் மறுபடி கெட்டி. எப்படி?

மு., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மு.,

உங்கள் சாஸ் சொல்வதுதான் சரி. நான் எழுதியது வளையும் சங்கிலிகளுக்கே பொருந்தும். அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

சி.எம்.சி. நீண்டு கிடப்பது பெரும்பாலும் அதன் எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுவதால். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அந்தச் சுமைகளைச் சூழ்ந்துகொண்டதும் தள்ளல் தளர்கிறது, சங்கிலி சுருங்குகிறது. சாந்தனுக்கும் எதிர்மின்சுமை உண்டு. ஆனால் அதன் சங்கிலி கயிறுபோல முறுக்கிக் கிடக்கிறது; அதன் விறைப்பு அந்த முறுக்கிலிருந்து வருகிறது. டிஎன்ஏ ஏறத்தாழ 50 நானோமீட்டர் தூரம் வளையாமல் நிற்கும். சாந்தன் 100-ஐத் தாண்டும். உப்பு இந்த முறுக்கைக் குலைப்பதில்லை, காக்கிறது. உப்பில்லாத நீரில் சூடாக்கினால் பிரிந்துவிடும் முறுக்கு, உப்பு இருந்தால் இன்னும் கூடுதல் சூட்டைத் தாங்கும்.

இனி ஓட்டம். மூலத்தறையில் தண்ணீர் திறந்த அன்று வாய்க்காலோரம் நின்று பாருங்கள். கரையோரம் நீர் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போகும். குறுக்கே விழுந்த வைக்கோலின் ஒரு முனையை வேகம் இழுக்க, அது திரும்பி நீரோடு நீளவாக்கில் படுத்துவிடும். சாந்தன் கோல்களும் அப்படியே. பாட்டிலில் தாறுமாறாகக் கிடந்து ஒன்றையொன்று மறித்தவை, குலுக்கியதும் ஒரே திசையில் அணிவகுத்து வழுக்கிச் செல்கின்றன.

வைக்கோலுக்கு இல்லாத ஒன்று இவற்றுக்கு உண்டு. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதி இவற்றின் திசையைக் கலைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டம் நின்றால் கலைப்பு வெல்லும், சாஸ் கெட்டியாகும். நெரிசலற்ற கரைசலில் கோலின் நீளம் இரட்டித்தாலே கலைய ஏறத்தாழ எட்டு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் நீண்ட கோல்களை மெல்லிய ஓட்டமே அணிவகுக்கச் செய்துவிடும்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது புகையிலைத் தேமல் வைரஸ். 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன், மின்சுமையுள்ள அசல் கோல். 1930களில், அதை யாரும் கண்ணால் காணும் முன்பே, நோயுற்ற செடியின் சாற்றை ஓடவிட்டு, குறுக்காக வைத்த இரு முனைவாக்கிகளின் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) வழியே பார்த்தார்கள். அப்படி வைத்தால் வழக்கமாக இருட்டுதான் தெரியும்; இடையில் கோல்கள் அணிவகுத்தால் ஒளி கசியும். ஓடும்போது சாறு ஒளிர்ந்தது. உள்ளே இருப்பது நீண்ட கோல் என்று ஓட்டமே காட்டிக்கொடுத்தது!

ஒரு யோசனை: சாந்தனை முதலில் வெறும் நீரில் நன்றாக ஊறவிட்டு, பிறகு உப்பு சேருங்கள். உப்பு மிகுந்த நீரில் அது ஊறத் தாமதமாகும்.