டேபிள்டாப் ஆர்பிஜியில் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) பகடை உருட்டி கேரக்டர் உருவாக்கினால் ஒருத்தர் மட்டும் பலவீனமாகிறார். வடசென்னைக் கதைக்கு இதை எப்படிச் சரிசெய்வது?

கேரக்டரின் ஒவ்வொரு திறனுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் சராசரி 10.5, 18 விழ 216-ல் ஒரு வாய்ப்புதான். நான்கு உருட்டிச் சிறியதை நீக்கினால் சராசரி சுமார் 12.24. ஆனாலும் ஆளுக்கு ஆள் இடைவெளி போகாது, உங்கள் சிக்கலே அதுதான். அதனால் எல்லாரும் மாறி மாறி உருட்டி, அனைவருக்கும் பொதுவான ஆறு எண்கள் எடுங்கள். அதே ஆறையும் அவரவர் விருப்பப்படி வலிமை, சாமர்த்தியம் என்று பிரித்துப் போடட்டும்.

கேரக்டரின் தொழிலை மட்டும் முழுக்கப் பகடைக்கே விடுங்கள், சுவாரசியம் அங்கேதான். இரண்டு பகடைகளில் 7 விழ 36-ல் 6 வாய்ப்பு, 12-க்கு 1. ஆகவே காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளியை 7-லும், ராயபுரம் குத்துச்சண்டை வீரரை 12-லும் வையுங்கள். மாற்றி எழுதினால் திரும்பத் திரும்பக் குத்துச்சண்டை வீரர்களே வருவார்கள்.